விரதம் இல்லாமலே விட்டுப்போன பீர்

சிங்கப்பூரில் இரவு 10.30 மணி என்பது என்னைப் போன்றவர்களுக்கு மனப்பாடம். 2015-இல் வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, அந்த நேரத்துக்கு மேல் காலை 7 மணி வரை கடைகளில் போத்தலோ டின்னோ விற்கக் கூடாது. வெள்ளிக்கிழமை கோப்பிக்கடையில் கூட்டாளிகளோடு இரண்டு பெரிய போத்தல் முடித்து, வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் போட்ட பிறகும், 10.15 ஆனால் கால் தானாகச் செருப்பைத் தேடும். எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உள்ள மினிமார்ட்டில் இன்னும் இரண்டு டின். "பால் வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போவேன். பாலும் வாங்குவேன், பொய் சொல்லக் கூடாது பாருங்கள்.

சென்ற ஆண்டு மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. சோபாவில் சாய்ந்து ஏதோ பழைய கிரிக்கெட் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்: "என்ன, இன்னிக்குப் பால் வாங்கப் போகலையா?"

கடிகாரத்தைப் பார்த்தேன். 10.50. கடையில் விற்பனையை நிறுத்தி இருபது நிமிடம் ஆகிவிட்டது. எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. மனத்தோடு மல்லுக்கட்டி அடக்கியிருந்தால் தெரிந்திருக்கும். அடக்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

எனக்கு 51 வயது. மின்தூக்கிப் பராமரிப்பில் மேற்பார்வையாளர் வேலை. அப்போது எடை 103 கிலோ, உயரம் 172 சென்டிமீட்டர், உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பிஎம்ஐ 35-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. இங்கே ஆசியர்களுக்கு 27.5-ஐத் தாண்டினாலே அதிக ஆபத்து என்று கணக்கு. சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. இரவில் நான் விடும் குறட்டைக்கு மகன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவான். தைப்பூசம் முடிந்த அடுத்த மாதம், டாக்டர் வாரம் ஒருமுறை போடும் ஊசியை எழுதிக் கொடுத்தார். மருந்தின் பெயர் செமாகுளுடைட். ஓசெம்பிக், வீகோவி என்றால் பலருக்குத் தெரியும், இரண்டிலும் இருப்பது அதே மருந்துதான். முதலாவது சர்க்கரை நோய்க்கு, இரண்டாவது எடைக்கு.

எழுதிக் கொடுப்பதற்கு முன் டாக்டர் கேட்டார், எவ்வளவு குடிப்பீர்கள் என்று. "சோஷியல்தான் டாக்டர்" என்றேன். அந்தப் பதிலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஊசி என்றதும் பயந்தேன். அது ஒரு பேனா. முனையில் தலைமுடி மாதிரி ஊசியைத் திருகி, பின்னால் உள்ள வளையத்தைச் சுற்றி அளவு வைத்து, வயிற்றுச் சதையில் குத்தி, பொத்தானை அழுத்திக்கொண்டே ஆறு வரை மெதுவாக எண்ண வேண்டும். எறும்பு கடித்த அளவுகூட வலியில்லை. முதல் நான்கு வாரம் 0.25 மில்லிகிராம், அடுத்த நான்கு வாரம் 0.5, பிறகு 1, 1.7, 2.4 என்று படிப்படியாக ஏற்றுவார்கள். அவசரப்பட்டு ஏற்றினால் குமட்டல் ஆளைப் படுக்கவைத்துவிடும்.

முதலில் போனது சாப்பாட்டு நினைப்பு. காலை இட்லியைப் பிட்டுக்கொண்டே மத்தியானம் என்ன என்று யோசிக்கிற ஆள் நான். மூன்றாவது வாரம் தேக்காவில் வாழை இலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவன், இரண்டாவது முறை சோறு கேட்காமல் இலையை மடித்தேன். சோறு வாளியோடு வந்தவர், சாம்பாரில் ஏதும் குறையா என்று கேட்டுவிட்டுப் போனார்.

பீர் விஷயத்தை என்னைவிட முதலில் கவனித்தவர் கோப்பிக்கடை பீர் ஆன்ட்டி. எங்கள் மேசைக்கு எட்டு வருடமாக ஊற்றுகிறவர். ஐஸ் போட்ட குவளை காலியாகுமுன்பே "பாஸ், சத்து லாகி?" (இன்னொன்று?) என்று மலாயில் கேட்டு அடுத்த போத்தலோடு நிற்பார். அன்று வந்து நின்றார், என் குவளையைப் பார்த்தார், போத்தலைத் திறக்காமல் திரும்பிப் போனார். குவளையில் பாதி அப்படியே இருந்தது. ஐஸ் கரைந்து பார்லித் தண்ணீர் நிறத்துக்கு வந்திருந்தது.

"என்ன மச்சான், மாலை போட்டிருக்கியா?" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. நம் ஆட்களிடம் குடிக்காமல் இருப்பதற்கு இருக்கிற ஒரே மரியாதையான காரணம் அதுதான். சபரிமலைக்கு மாலை, தீமிதி விரதம், தைப்பூசம். இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லிவிட்டால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள், கோப்பையைக்கூட நகர்த்தி வைப்பார்கள். "டாக்டர் வேண்டாம் என்றார்" என்று சொல்லிப் பாருங்கள், ஆளுக்கு ஒரு டாக்டர் கதை சொல்லி ஊற்றிவிடுவார்கள்.

விரதம் எனக்குப் புதிது இல்லை. 12 வருடமாகத் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன். 48 நாள் கறி, மீன், பீர் எதுவும் கிடையாது. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் இருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை நடந்து, பாலைச் சேர்த்துவிட்டு வந்தால் விரதம் முடிந்தது. ஆனால் அந்த 48 நாளும் எண்ணிக்கொண்டே இருப்பேன். முப்பதாவது நாள் கனவில் பீர் வரும். பால்குடத்தோடு நடக்கும்போதே, நாளைக்கு இந்நேரம் என்று ஒரு மூலையில் ஓடும், முருகன் மன்னிக்கட்டும். விரதத்தில் ஆசை முழுசாக உள்ளேதான் உட்கார்ந்திருக்கும், கதவை மட்டும் நான் சாத்தி வைத்திருப்பேன். இப்போது கதவு திறந்தே கிடக்கிறது, உள்ளே ஆளைக் காணோம். மனைவி இதை முதலில் நம்பவில்லை. சாமிக்கு அடங்காதது ஊசிக்கு அடங்குமா என்றாள்.

இது எனக்கு மட்டும் நடந்த அதிசயமா என்று தேடிப் படித்தேன். சாப்பிட்டதும் நம் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைப் போல நடிப்பதுதான் இந்த மருந்தின் வேலை. (இந்த வகையில் முதலில் வந்த எக்ஸனடைடு, கிலா மான்ஸ்டர் என்ற பல்லியின் எச்சிலில் கண்டுபிடித்த பொருளில் இருந்து வந்ததாம். பல்லி விழுந்த பாலைக் கொட்டுகிற பரம்பரை நாம்.) அந்த ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் இடங்கள் வயிற்றிலும் கணையத்திலும் மட்டும் இல்லை, மூளையிலும் உண்டு. பசியைக் கவனிக்கும் பகுதியில் இருக்கின்றன, "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று தூண்டும் டோபமைன் பாதையிலும் இருக்கின்றன. எலி, குரங்கு இரண்டிலும் இந்த வகை மருந்து கொடுத்தபோது மது குடிப்பது குறைந்திருக்கிறது.

மனிதர்களிடம் ஆதாரம் இன்னும் சின்னதுதான். 2025 பிப்ரவரியில் ஜாமா சைக்கியாட்ரி இதழில் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. மதுப்பழக்கச் சிக்கல் உள்ள 48 பேரில் ஒரு பாதிக்குக் குறைந்த அளவில் செமாகுளுடைட், மறு பாதிக்கு மருந்தில்லாத வெறும் ஊசி, ஒன்பது வாரம். மருந்து போட்டவர்களுக்கு ஏக்கம் குறைந்தது, குடிக்கிற நாளில் குடிக்கும் அளவும் குறைந்தது. ஆனால் வாரத்தில் எத்தனை நாள் குடித்தார்கள் என்பதில் பெரிய மாற்றம் இல்லை. படித்ததும் சிரித்துவிட்டேன், என் கதை அப்படியே. வெள்ளிக்கிழமை தவறாமல் போய் உட்கார்ந்தேன், உள்ளே போனதுதான் குறைந்தது. அதற்கு முன் 2022-இல், டென்மார்க்கில் 127 பேருக்கு எக்ஸனடைடு கொடுத்துப் பார்த்ததில் மொத்தமாகப் பலன் தெரியவில்லை, உடல் பருமன் உள்ளவர்களிடம் மட்டும் குடி குறைந்திருந்தது. ஆக, குண்டானவனுக்குக் கிடைத்த உபரி லாபம் ஒல்லியானவனுக்கும் கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை. குடியை நிறுத்துவதற்கென்று அனுமதி பெற்ற மருந்தும் இது இல்லை. அதற்கு நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகள் வருடக்கணக்காக இருக்கின்றன.

இனி அந்த "சோஷியல்" விவகாரம்.

ஜூலையில் ஒரு கல்யாண விருந்து. முந்தின நாள்தான் ஊசியின் அளவை ஏற்றியிருந்தேன். பசியே இல்லாததால் மத்தியானம் சாப்பிடவில்லை. விருந்தில் பெண்ணின் மாமா விஸ்கியோடு வந்து, "நம்ம வீட்டுக் கல்யாணத்துல நீங்க சும்மா உட்காரலாமா அண்ணே" என்றார். எனக்கு ஆசையே இல்லை. மரியாதைக்காகக் குடித்தேன். அரை மணி நேரம் ஆகியும் ஒன்றும் தெரியவில்லை. சரி, தண்ணீர் கலந்தது அதிகம் போல என்று இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. வீட்டுக்கு வரும் டாக்சியில் ஆரம்பித்தது. விடிய விடிய வாந்தி. குடித்த தண்ணீரும் தங்கவில்லை. காலையில் எழுந்து நின்றால் சுவர் சாய்ந்தது.

மனைவி கைத்தாங்கலாகக் கிளினிக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் திட்டவில்லை, ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, இப்போது உண்மையான கணக்கைச் சொல்லுங்கள் என்றார். இங்கே ஒரு அளவு மது என்றால் 10 கிராம் ஆல்கஹால். 633 மில்லி பெரிய போத்தல் பீரில் 5 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 25 கிராம். நான் இரண்டு போத்தல், வீட்டில் இரண்டு டின். கூட்டினால் 75 கிராமுக்கு மேல், ஒரே இரவில் ஏழரை அளவு. சுகாதார மேம்பாட்டு வாரியம் ஆணுக்கு ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம் என்கிறது. நான் அந்த ஏழரையைச் சனிக்கிழமையும், பல புதன்கிழமையும் குடித்துக்கொண்டிருந்தேன். கிராமுக்கு 7 கலோரி என்று போட்டால் ஆல்கஹாலில் மட்டும் ஓர் இரவுக்கு 500-க்கு மேல். ஊழியர் சம்பளப் பட்டியல் மாதிரி அந்தத் தாளில் என் வாரம் வரிசையாக நின்றது. பத்து வருடமாக என் எடைக்கு ரொட்டி பராட்டாவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று அவர் சொன்னதில் மண்டையில் ஏறியவற்றைச் சொல்கிறேன். இந்த மருந்து வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும், குறிப்பாக அளவு ஏற்றிய நாட்களில். அதனால் குடித்தது தாமதமாக ஏறலாம். "ஒன்றும் தெரியவில்லையே" என்று அடுத்ததை ஊற்றுவதுதான் நான் செய்த முட்டாள்தனம். வெறும் வயிறு வேறு. வாந்தியும் வயிற்றுப்போக்கும் நீடித்து உடம்பில் நீர் வற்றினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. கணைய அழற்சி அரிது, ஆனால் இந்த மருந்துக்கும் அதற்கும் தொடர்பு சொல்லப்படுகிறது, அளவுக்கு மீறிய மது அதற்கு நேரடிக் காரணம். மேல்வயிற்றில் கடும் வலி எடுத்து முதுகுக்குப் போனால் ஓமத் தண்ணீர் குடித்துப் பார்க்காமல் நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிக்கிளசைடு போன்ற மாத்திரையோ சேர்த்து எடுப்பவர்கள் சாப்பிடாமல் குடித்தால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும், அதைப் பார்ப்பவர்கள் போதை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். இதோடு நானாகச் சேர்த்துக்கொண்டது ஒன்று: மறுநாள் காலை கம்பெனி வேன் ஓட்டும் வேலை இருந்தால் முந்தின இரவு ஒரு சொட்டும் கிடையாது. இங்கே மூச்சில் 100 மில்லிக்கு 35 மைக்ரோகிராம்தான் வரம்பு. எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு இறங்கும் என்று என் வயிற்றை நம்பிச் சொல்ல முடியாது.

என் எடை குறைவதைப் பார்த்து எங்கள் மேசையில் ஒருவர் தனியாகக் கூப்பிட்டார். என்னைவிட மூத்தவர், நான் அண்ணே என்று கூப்பிடுபவர். "தம்பி, அந்த ஊசி எனக்கும் வேணும்டா. எடைக்கு இல்ல, இதுக்கு" என்று குவளையைக் காட்டினார். டெலிகிராமில் யாரோ விற்கிறார்களாம், பாதி விலையாம். அவர் ஒல்லி. ஆனால் தினமும் குடிப்பவர், காலையில் முதல் மிடறு உள்ளே போகும்வரை கை நடுங்கும்.

அந்த நடுக்கம்தான் என்னைப் பயமுறுத்தியது. தினமும் நிறையக் குடிப்பவர்கள் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், மனம் பேதலித்து ஆள் தெரியாமல் போகலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். குமட்டலில் குடிக்க முடியாமல் நின்றாலும் உடம்புக்கு அது திடீர் நிறுத்தம்தான். ஆசை போய்விட்டதே என்று நானாவது சந்தோஷப்பட்டேன், அவர் உடம்பு சந்தோஷப்படாது. அதோடு இது மருத்துவர் எழுதித்தான் வாங்க வேண்டிய மருந்து. இணையத்தில் வரும் மருந்துகளில் போலி இருக்கும் என்று சுகாதார அறிவியல் ஆணையம் எச்சரித்துக்கொண்டேதான் இருக்கிறது. அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னபோது கோபித்துக்கொண்டு இரண்டு வாரம் பேசவில்லை. பிறகு அவர் மகளே மனநலக் கழகத்தின் போதைப்பழக்கச் சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போனாள். இப்போதும் போய்வருகிறார். நடுவில் ஒருமுறை சறுக்கினார். எங்கள் மேசைக்கு வருவதில்லை.

செப்டம்பரில் நான் ஊசியை நிறுத்தினேன். காரணம் காசு. மாதம் பல நூறு சிங்கப்பூர் வெள்ளி, எடைக்கென்று போடுவதால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் கழிக்க வழியில்லை, மகன் வேறு தேசிய சேவை முடித்துப் படிக்கப் போகிறான். 12 கிலோ குறைந்தாயிற்று, இனி நானே பார்த்துக்கொள்வேன் என்று ஒரு தைரியம். டாக்டரிடம் சொல்லாமல் நிறுத்தினேன், அதுவும் தப்பு.

இந்த மருந்து மெதுவாக விலகும். வாரத்துக்குப் பாதி பாதியாகக் குறைந்து, முழுசாகப் போக ஐந்து வாரம் பிடிக்கும். அதனால் முதல் மூன்று வாரம் "பார்த்தியா, ஊசி இல்லாமலே இருக்கேன்" என்று வீட்டில் பெருமை பேசினேன். நாலாவது வாரம் பசி வந்தது. ஐந்தாவது வாரம், தீபாவளிக்குச் சில நாள் முன்பு, டிவி பார்த்துக்கொண்டிருந்தவன் எழுந்து செருப்பைத் தேடினேன். மணி 10.15. மனைவி ஒன்றும் கேட்கவில்லை. நானும் பால் என்று சொல்லவில்லை. தீபாவளி வாரம் பழைய அளவுக்கே போனேன்.

நவம்பரில் டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்லி, மறுபடி 0.25-இல் இருந்து ஆரம்பித்தேன். இரண்டு மாதம் விட்டவன் பழைய அளவிலேயே குத்திக்கொள்ளக் கூடாது. நிறுத்தினால் எடை திரும்புவது எல்லோருக்கும் பொதுவானதுதான் என்றார். பெரிய ஆய்வொன்றில், நிறுத்தி ஓராண்டில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருக்கிறது.

முதல் தடவை ஆசை அடங்கியிருந்த அந்த மாதங்களை நான் வீணாக்கிவிட்டேன். அதே நாற்காலி, அதே மேசை, அதே 10.15, எதையும் மாற்றவில்லை. மருந்து விலகியதும் ஆசை வந்து பார்த்தால் அதன் இடம் அப்படியே துடைத்து வைத்திருந்தது. இந்தத் தடவை மாற்றினேன். கோப்பிக்கடைக்கு ஏழு மணிக்கே போய் எட்டரைக்கு எழுந்துவிடுகிறேன், போனதும் நானே தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) வாங்கிக்கொண்டுதான் உட்காருகிறேன். கையில் ஏதாவது ஒரு கோப்பை இருந்தால் யாரும் ஊற்ற வருவதில்லை. பத்து மணிக்கு மனைவியோடு ஈசூன் குளத்தைச் சுற்றி நடை. மருந்தில் தசையும் கரையும் என்பதால் முட்டை, பருப்பு, வாரம் இரண்டு நாள் எடை தூக்குதல்.

எல்லாம் சுகம் என்று சொல்ல மாட்டேன். பீர் இல்லாமல் கேட்டால் எங்கள் மேசையின் பாதி ஜோக் சிரிப்பு வருகிற மாதிரி இல்லை. இருபது வருடமாகச் சிரித்திருக்கிறேன். சில வாரம் பாட்டு, சாப்பாடு எதிலும் ருசியில்லாத ஒரு மந்தம் இருந்தது, அதையும் இந்தத் தடவை மறைக்காமல் டாக்டரிடம் சொன்னேன், அளவை ஏற்றாமல் கூடுதலாக ஒரு மாதம் அப்படியே வைத்தார்.

டிசம்பர் நடுவில் தைப்பூச விரதம் தொடங்கும் நாள் வந்தது. பூசையறையில் நின்றபோதுதான் உறைத்தது. வழக்கமாக முருகனிடம் பீரை விடுகிறேன் என்பேன். இந்த வருடம் அதைச் சொன்னால் அவனே சிரிப்பான். கறியும் பெரிதாக இறங்குவதில்லை.

"தே தாரிக்கை விடட்டுமா?" என்று மனைவியிடம் கேட்டேன். ஆற்றி நுரைக்கவைத்த பால் தேநீர் அது.

"விட்டா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமா?"

காலை ஆறு மணிக்கு, லிப்ட் மோட்டார் அறைக்கு ஏறுமுன், நுரை தளும்பும் அந்தக் கோப்பையை நினைத்துப் பார்த்தேன். நாக்கில் எச்சில் ஊறியது.

"ரொம்பக் கஷ்டமா இருக்கும்" என்றேன்.

"அப்ப அதையே விடுங்க" என்று விபூதித் தட்டை நீட்டினாள்.